ஒரே ஐபி, ரெண்டு லோட் பேலன்சர்: எந்த புரோட்டோகால் எதோட ஒத்துப்போகும்?

சின்ன பதில் எல்லாம் புதுசா வருது, பெரிய பதில் மட்டும் பழசா வருது. இதுதான் எனக்கு வந்த கம்ப்ளைன்ட். மூணு நாள் இது பின்னாடியே சுத்தினேன்.

செட்டப் இதுதான். டிஎன்எஸ் சர்வர்கள் (பேரைக் குடுத்தா ஐபி மாதிரி விவரம் சொல்றது), அதுக்கு முன்னாடி வெளிய தெரியுற மாதிரி ஒரே ஒரு ஐபி, அந்த ஐபியை ரெண்டு லோட் பேலன்சர் (வர்ற டிராஃபிக்கை பின்னாடி இருக்கிற சர்வர்களுக்குப் பிரிச்சு அனுப்புறது) பங்கு போட்டுக்குது. ஒண்ணு யுடிபி 53 (கனெக்ஷன் போடாம அனுப்புறது), இன்னொண்ணு டிசிபி 53 (கனெக்ஷன் போட்டு அனுப்புறது), 53-ங்கிறது டிஎன்எஸ்ஸோட போர்ட் நம்பர். ஸோன்ல, அதாவது டொமைனோட ரெக்கார்ட் தொகுப்புல, ரெக்கார்ட் மாத்தியாச்சு, அதோட பதிப்பைக் காட்டுற சீரியல் நம்பர் ஏத்தியாச்சு, டிக் (டிஎன்எஸ்கிட்ட கேள்வி கேக்குற கமாண்ட்) அடிச்சுப் பாத்தா புது பதில் அழகா வருது, சரி வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சா டிஎக்ஸ்டி ரெக்கார்ட் (டெக்ஸ்ட் எழுதி வைக்கிற வகை) நிறைய அடுக்கி வெச்சிருக்கிற ஒரு பேருக்கு மட்டும் போன வாரத்து பதில் வந்து நிக்குது. கேஷ்னு நினைச்சேன், டிடிஎல் (கேஷ்ல வெச்சிருக்கிற நேரம்) தாண்டியும் மாறல. எல்லா சர்வர்லயும் லாகின் பண்ணி ஸோன் சீரியல் பாத்தேன், எல்லாம் சரியா இருக்கு. நான் பாத்த "எல்லா சர்வரும்" யுடிபி பக்கத்து லிஸ்ட்ல இருக்கிறதுன்னு அப்ப எனக்குத் தோணல.

கடைசில டிக்ல பிளஸ் டிசிபி போட்டு அடிச்சப்பதான் உடைஞ்சுது. யுடிபில கேட்டா புதுசு, டிசிபில கேட்டா சின்னதோ பெரிசோ எல்லாமே பழசு. டிசிபி 53-க்கு பின்னாடி இருந்த பேக்கெண்ட் குரூப்ல, அதாவது டிராஃபிக்கை வாங்குற சர்வர் கூட்டத்துல, ஸோன் டிரான்ஸ்ஃபர் (புது ஸோனை காப்பி எடுத்துக்கிறது) நின்னுபோன பழைய மெஷின் ரெண்டு உக்காந்திருக்கு. டிஎன்எஸ்ல பதில் யுடிபில அடங்கலன்னா சர்வர் டிசி பிட்டை போட்டு "முழுசா இல்ல, டிசிபில வா"ன்னு சொல்லும், கிளையன்ட் உடனே டிசிபில அதே ஐபிக்கு வரும். 1987-ல வந்த ஆர்எஃப்சி 1035-ல (ஆர்எஃப்சின்னா இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணம்) யுடிபிக்கு 512 பைட் தான் அளவு, அப்புறம் ஈடிஎன்எஸ்ங்கிற நீட்டிப்பு வந்து அதை ஏத்தினாங்க, 2020-ல டிஎன்எஸ் ஃபிளாக் டே அப்போ 1232 பைட்ல வெச்சுக்கங்கன்னு சொன்னாங்க. எங்க டிஎக்ஸ்டி அடுக்கு அதைத் தாண்டிடுச்சு, அதனால அந்த ஒரு பேர் மட்டும் எப்பவும் டிசிபி பக்கம் போய் விழுந்துச்சு. கிளையன்டைப் பொறுத்தவரை அது ஒரே சர்வர் கிட்டதான் பேசுது, ஐபி ஒண்ணுதானே.

இதுக்கப்புறம்தான் ஒரு ஐபியை ரெண்டு லோட் பேலன்சர் பங்கு போடுறதைப் பத்தி ஒழுங்கா உக்காந்து யோசிச்சேன். அதுவரைக்கும் நான் கேட்டுட்டு இருந்த கேள்வி "ரெண்டும் மோதுமா, மோதாதா" மட்டும்தான். யுடிபி வேற, டிசிபி வேற, மோதல, கன்ஃபிக் ஏத்துக்குச்சு, முடிஞ்சுது. ஆனா மோதாம இருக்கிறது பாதி கதைதான். சேந்து போக வேண்டிய பாக்கெட்டு பிரிஞ்சு போகுதாங்கிறது மீதி பாதி, இந்த பாதியை எந்த கன்ஃபிக் செக்கரும் உங்களுக்காக பாத்து சொல்லாது. இந்த போஸ்ட் முழுக்க நான் சொல்ல வர்றது இந்த ஒரு விஷயம்தான்.

முதல் பாதி சீக்கிரம் முடிஞ்சிடும். லோட் பேலன்சர் ஒரு ஐபியை "வெச்சிருக்கு"ன்னு நாம பேசுறோம், நிஜத்துல அது வெச்சிருக்கிறது ஐபி, புரோட்டோகால், போர்ட் மூணும் சேந்த ஒரு சாவி. ஐபி ஹெட்டர்ல புரோட்டோகாலுக்குன்னு 8 பிட் ஃபீல்ட் இருக்கு, டிசிபின்னா 6, யுடிபின்னா 17, ஐசிஎம்பி (நெட்வொர்க் எர்ரர் மாதிரி சேதி சொல்றது) 1, ஐபிசெக் விபிஎன்ல டேட்டாவைச் சுமக்கிற ஈஎஸ்பி 50. டிசிபிக்கு தனியா 0-லேர்ந்து 65535 வரைக்கும் போர்ட் வரிசை, யுடிபிக்கு தனியா அதே மாதிரி இன்னொண்ணு. ஒரே நம்பர் ரெண்டு வரிசையிலயும் இருக்கிறதால டிசிபி 443-ம் யுடிபி 443-ம் ஒண்ணுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது ரெண்டுக்கும் நம்பரைத் தவிர சம்பந்தமே கிடையாது. ஈஎஸ்பிக்கும் ஐசிஎம்பிக்கும் போர்ட்டே இல்ல. அதனால ஒரே பாக்கெட் ரெண்டு லோட் பேலன்சரோட சாவிக்கும் பொருந்தாத வரைக்கும் ஐபியை பங்கு போடலாம், டிசிபி 80 ஒருத்தருக்கு டிசிபி 443 இன்னொருத்தருக்கு, டிசிபி 53 ஒருத்தருக்கு யுடிபி 53 இன்னொருத்தருக்கு, இதெல்லாம் மோதாது.

ஆனா ஒவ்வொரு பிளாட்ஃபார்மும் இந்த சாவியை ஒவ்வொரு விதமா வெட்டுது, தடுமாறுறது அங்கதான். அமேசானோட நெட்வொர்க் லோட் பேலன்சர்ல ஒரே போர்ட்ல ஒரு டிசிபி லிசனர் (அந்த போர்ட்ல வர்றதை வாங்குற ரூல்), ஒரு யுடிபி லிசனர்னு தனித்தனியா போட விடாது, டிசிபி-யுடிபின்னு சேந்த ஒரு லிசனர் டைப் இருக்கு, அதைத்தான் எடுக்கணும், அதுக்கு பின்னாடி டார்கெட் குரூப்பும் (பேக்கெண்ட் குரூப்புக்கு அங்க அந்த பேர்) அதே டைப்பா இருக்கணும். அப்ப நான் செஞ்ச தப்பையே அங்க செய்ய முடியாது, ரெண்டு புரோட்டோகாலும் ஒரே டார்கெட் குரூப்புக்குத்தான் போகும். முதல்ல இது என்னடா கட்டுப்பாடுன்னு தோணும், டிஎன்எஸ் மாதிரி சமாச்சாரத்துக்கு இது நல்ல கட்டுப்பாடு. கூகுள் கிளவுட்ல வேற மாதிரி, அங்க ஃபார்வர்டிங் ரூல்னு ஒண்ணு, ஒவ்வொரு ரூலுக்கும் ஒரு புரோட்டோகால், ஒரே ஐபில பல ரூல் வைக்கலாம், ஒவ்வொண்ணும் வேற பேக்கெண்ட் சர்வீஸுக்குப் போகலாம். சுதந்திரம் ஜாஸ்தி, தப்பு பண்ற வாய்ப்பும் ஜாஸ்தி. அங்க உள் நெட்வொர்க் ஐபியா இருந்தா இது பங்கு போடுற ஐபின்னு சொல்லி, அதுக்கான பர்பஸோட ரிசர்வ் பண்ணி வெச்சிருக்கணும், சும்மா கிடைச்ச ஐபில ரெண்டாவது ரூல் ஏறாது.

அங்கயே எல்3 டிஃபால்ட்னு ஒரு புரோட்டோகால் ஆப்ஷனும் இருக்கு. அதாவது டிசிபி, யுடிபி, ஈஎஸ்பி, ஐசிஎம்பின்னு வகை வகையா வர்றதை ஒரே ரூல்ல எடுத்துக்கிறது. இதைப் போட்டா பின்னாடி இருக்கிற பேக்கெண்ட் சர்வீஸோட புரோட்டோகால் "அன்ஸ்பெசிஃபைட்"னு இருக்கணும், டிசிபின்னு எழுதி வெச்ச பேக்கெண்ட் சர்வீஸோட இது சேராது. ரூல்ல ஒரு புரோட்டோகால், பேக்கெண்ட்ல ஒரு புரோட்டோகால்னு ரெண்டு இடத்துல எழுதுறோம், அது ரெண்டும் ஒத்துப்போகணும்கிறது எல்லா பிளாட்ஃபார்மிலயும் ஏதோ ஒரு ரூபத்துல வரும். எர்ரர் மெசேஜ் வந்தா முதல்ல இந்த ஜோடியைப் பாருங்க, நான் பாத்த வரைக்கும் பாதி எர்ரர் இங்கதான்.

குபெர்னெட்டிஸ் (கன்டெய்னர்களை பல மெஷின்ல ஓட்டி நிர்வகிக்கிற சிஸ்டம்) கதை கொஞ்சம் நீளம், ஏன்னா அங்கதான் நம்ம ஆளுங்க அதிகமா முட்டிக்கிறாங்க. ரொம்ப நாள் லோட் பேலன்சர் டைப் சர்வீஸ்ல (ஆப்பை வெளிய காட்டுற கன்ஃபிக்) டிசிபியும் யுடிபியும் கலக்க முடியாது, ஏபிஐயே மறுத்துடும். 1.20-ல இதை அனுமதிக்க ஆல்ஃபாவா ஒரு ஃபீச்சர் கேட் (ஆன்-ஆஃப் சுவிட்ச்) வந்துச்சு, 1.24-ல பீட்டா, 1.26-ல ஸ்டேபிள் ஆகிடுச்சு. அதுக்கு முன்னாடி எல்லாரும் பண்ண வேலை என்னன்னா ரெண்டு சர்வீஸ் எழுதுறது, ஒண்ணு டிசிபி, ஒண்ணு யுடிபி, ரெண்டுக்கும் ஒரே ஐபியைக் கேக்குறது. இன்னிக்கும் நிறைய யாம்ல் கன்ஃபிக் ஃபைல் அப்படியேதான் இருக்கு. ஏபிஐ இப்ப கலப்பை ஏத்துக்கிட்டாலும் கீழ இருக்கிற கிளவுட் கன்ட்ரோலர் (நிஜ லோட் பேலன்சரை உருவாக்குறது) ஏத்துக்கணும்னு அவசியம் இல்ல, அதனால 1.26 தாண்டியாச்சுன்னு மட்டும் பாத்துட்டு மாத்தாதீங்க, உங்க கன்ட்ரோலர் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு மாத்துங்க.

சொந்த ஹார்ட்வேர்ல ஓட்றவங்க மெட்டல்எல்பி (குபெர்னெட்டிஸ் சர்வீஸுக்கு வெளி ஐபி குடுக்குற டூல்) போட்டிருப்பாங்க. அதுல ஐபியைப் பங்கு போட ரெண்டு சர்வீஸ்லயும் "அலோ ஷேர்ட் ஐபி"ங்கிற அனோட்டேஷனை ஒரே சாவி வார்த்தையோட போடணும். போர்ட் மோதக்கூடாது, அது தெரிஞ்சதுதான். மூணாவது ஒரு நிபந்தனை இருக்கு, அதை படிக்காம விட்டுட்டு சர்வீஸ் பெண்டிங்லயே நிக்குதுன்னு வர்றவங்கதான் அதிகம்: ரெண்டு சர்வீஸோட எக்ஸ்டர்னல் டிராஃபிக் பாலிசியும் (வெளியலேர்ந்து வர்றதை எந்த பாட்டுக்கு அனுப்பலாம்கிற செட்டிங்) கிளஸ்டர்னு இருக்கணும், இல்லன்னா ரெண்டும் அச்சு அசலா அதே பாட்களை (ஆப் ஓடுற யூனிட்), அதாவது பாட்களைத் தேர்ந்தெடுக்கிற அதே செலக்டரை காட்டணும். ஏன் இப்படி ஒரு நிபந்தனை? பாலிசி லோக்கல்னு வெச்சா, பாட் இருக்கிற நோட்தான் (அதாவது மெஷின்தான்) அந்த ஐபியை "என்கிட்ட இருக்கு"ன்னு வெளிய சொல்லும். ஒரு சர்வீஸோட பாட் முதல் நோட்ல, இன்னொரு சர்வீஸோட பாட் மூணாவது நோட்ல இருந்தா, ஐபி ஒண்ணு, ஆனா அதை யார் சொல்லணும்? வெளிய இருக்கிற ரூட்டருக்கு போர்ட் தெரியாது, அதுக்கு ஐபிதான் தெரியும், ஒரு நோட்டுக்கு அனுப்பிடும், அந்த நோட்ல பாதி டிராஃபிக்குக்கு பாட் இருக்காது. நிபந்தனை காரணமில்லாம வரல. புரோட்டோகால் ஒத்துப்போறது மட்டும் இல்லாம, அந்த ஐபியை யார் அறிவிக்கிறாங்கங்கிறதும் ஒத்துப்போகணும்.

நிஜ கிளையன்ட் ஐபி லாக்ல வரணும்கிறதுக்காக எல்லாரும் லோக்கல் பாலிசி கேப்பாங்க, நியாயமான ஆசை. அப்ப ரெண்டு சர்வீஸுக்கும் ஒரே செலக்டர் வெச்சிடுங்க, அதாவது அதே பாட் டிசிபியும் யுடிபியும் ரெண்டும் கேக்குற மாதிரி. டிஎன்எஸ்க்கு அதுதான் சரியும் கூட. அப்படி வெச்சிருந்தா என்னோட மூணு நாள் மிச்சம் ஆகியிருக்கும்.

இன்னொரு குழி. சரி, ஒரே சர்வீஸ்ல ரெண்டு புரோட்டோகாலையும் போட்டுடலாம்னு முடிவு பண்ணி, ஏற்கனவே இருக்கிற சர்வீஸ்ல போர்ட் 53 டிசிபி இருக்கு, அதுக்கு கீழ போர்ட் 53 யுடிபின்னு ஒரு வரி சேத்து சாதாரண கியூப்சிடிஎல் அப்ளை (கன்ஃபிக் ஃபைலை கிளஸ்டருக்கு ஏத்துற கமாண்ட்) அடிச்சா, ரெண்டுல ஒண்ணு காணாம போயிடலாம். காரணம் கிளையன்ட் பக்கத்து அப்ளை போர்ட் லிஸ்ட்டை ஒட்டும்போது போர்ட் நம்பரை மட்டும் வெச்சு இது அதே என்ட்ரியா, வேறயான்னு முடிவு பண்ணும், புரோட்டோகாலைப் பாக்காது. ரெண்டும் 53, அப்ப ரெண்டும் ஒண்ணு, ஒண்ணு மேல ஒண்ணு எழுதிடும். சர்வர் சைட் அப்ளை பண்ணா போர்ட்டும் புரோட்டோகாலும் சேத்துப் பாக்கும், பிரச்சினை இல்ல. நான் மேல சொன்ன அதே சாவி விஷயம்தான் இது, சாவில ஒரு பாகத்தை விட்டுட்டா ரெண்டு வேற பொருள் ஒண்ணா தெரியும். மாத்தின உடனே சர்வீஸை டிஸ்கிரைப் பண்ணி ரெண்டு வரியும் இருக்கான்னு கண்ணால பாத்துடுங்க.

ஹெல்த் செக் பத்தி சொல்லாம விட முடியாது. யுடிபிக்கு கனெக்ஷன்னு ஒண்ணு இல்ல, அனுப்பினா போச்சு, பதில் வரலன்னா சர்வர் செத்துச்சா இல்ல பதில் சொல்ல ஒண்ணும் இல்லயான்னு வெளியலேர்ந்து சொல்ல முடியாது. அதனால பெரும்பாலான லோட் பேலன்சர் யுடிபி பேக்கெண்டுக்கும் டிசிபிலயோ ஹெச்டிடிபிலயோதான் ஹெல்த் செக் பண்ணும், அமேசான்ல யுடிபி டார்கெட் குரூப்புக்கும் அப்படித்தான். விளைவு என்னன்னா டிசிபி 53 பதில் சொல்லுது, யுடிபி 53 கேட்டுட்டு இருந்த த்ரெட் செத்துடுச்சு, லோட் பேலன்சர் பச்சை விளக்கு காட்டிட்டே இருக்கும், கிளையன்ட் பக்கம் ஒரே டைம் அவுட். என்னோட பழக்கம், யுடிபி சர்வீஸ் பக்கத்துலயே ஒரு சின்ன ஹெச்டிடிபி எண்ட்பாயிண்ட் வெச்சு, அது உள்ளுக்குள்ள 127.0.0.1-க்கு நிஜமா ஒரு யுடிபி கேள்வி அனுப்பி பதில் வந்தாதான் 200 குடுக்கும், இல்லன்னா 503. பத்து இருபது வரி கோட் தான், ஆனா ராத்திரி தூக்கத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

இப்ப சேந்து போக வேண்டிய பாக்கெட் பிரியற விஷயத்துக்கு வர்றேன், மனசுக்கு நெருக்கமான பகுதி இதுதான்.

ஐபிசெக் விபிஎன் எடுத்துக்கங்க. ஐகேஈ பேச்சுவார்த்தை (என்கிரிப்ஷன் சாவியை ஒத்துக்கிறது) யுடிபி 500-ல ஆரம்பிக்கும், நடுவுல நாட் (ஐபி, போர்ட்டை மாத்தி அனுப்புறது) இருக்குன்னு தெரிஞ்சா யுடிபி 4500-க்கு மாறும், டேட்டா அந்த 4500-க்குள்ளயே சுத்தி வரும். நாட் இல்லன்னா டேட்டா நேரா ஈஎஸ்பியா, புரோட்டோகால் 50-ஆ வரும், போர்ட் கிடையாது. இது மூணும் ஒரே பேக்கெண்டுக்குப் போகணும், ஏன்னா என்கிரிப்ஷன் சாவி எல்லாம் அந்த ஒரு மெஷினோட மெமரிலதான் இருக்கு. யுடிபி 500-க்கு ஒரு லோட் பேலன்சர், 4500-க்கு இன்னொண்ணுன்னு போட்டா மோதாது, கன்ஃபிக் சந்தோஷமா ஏத்துக்கும், ஆனா ஒவ்வொண்ணும் தனியா கணக்கு போட்டு வேற வேற மெஷினுக்கு தள்ளும், டனல் எழும்பவே எழும்பாது. சில சமயம் தற்செயலா ரெண்டும் ஒரே மெஷினுக்குப் போயிடும், அப்ப டனல் எழும்பும், "எனக்கு வேலை செய்யுதே"ன்னு ஒருத்தர் சொல்லுவார், இது இன்னும் மோசம்.

செஷன் அஃபினிட்டி (ஒரு கிளையன்டை எப்பவும் ஒரே மெஷினுக்கு அனுப்புறது) போட்டா சரியாகிடும்னு சொல்லுவாங்க, பாதிதான் சரி. எந்த அஃபினிட்டிங்கிறது முக்கியம். அஞ்சு விஷயத்தை ஹாஷ் பண்றது (கணக்கு போட்டு மெஷினைத் தேர்ந்தெடுக்கிறது), அதாவது ரெண்டு ஐபி, ரெண்டு போர்ட், புரோட்டோகால், இதுல 500-ம் 4500-ம் பிரியும். மூணு விஷயம், ரெண்டு ஐபியும் புரோட்டோகாலும், இதுல 500-ம் 4500-ம் சேரும், ஆனா ஈஎஸ்பி வேற புரோட்டோகால் நம்பர், அது பிரியும். ரெண்டு ஐபியை மட்டும் ஹாஷ் பண்ணாதான் மூணும் சேந்து போகும். அதுவும் ஒரே பேக்கெண்ட் குரூப்பா இருந்தாதான், ரெண்டு தனி குரூப்புக்கு நடுவுல எந்த அஃபினிட்டியும் தாண்டி வேலை செய்யாது. அதனால இந்த மாதிரி இடத்துல ஐபியை ரெண்டு லோட் பேலன்சரா பிரிக்கவே வேண்டாம், எல்லா புரோட்டோகாலையும் எடுக்கிற ஒரே ரூல் போடுங்க. லினக்ஸ்ல ஐபிவிஎஸ் (கெர்னல்லயே இருக்கிற லோட் பேலன்சர்) வெச்சு நீங்களே கட்டுறீங்கன்னா ஃபயர்வால் மார்க்னு ஒரு வசதி இருக்கு, யுடிபி 500, 4500 ரெண்டுக்கும் ஒரே மார்க் குத்திட்டு அந்த மார்க்குக்கு பெர்சிஸ்டன்ஸ் வெச்சு ஒரு வெர்ச்சுவல் சர்வீஸ் போட்டா ரெண்டும் ஒரே கூட்டமா நடக்கும்.

யுடிபில பெரிய பாக்கெட் வந்தா இன்னொரு வகை பிரிவு. வழியில துண்டாகும். முதல் துண்டுல மட்டும்தான் யுடிபி ஹெட்டர் இருக்கும், அதுலதான் போர்ட் நம்பர். ரெண்டாவது துண்டுல போர்ட்டே கிடையாது. இப்ப ஒரே ஐபில யுடிபி 53 ஒரு பக்கம், யுடிபி 5060 இன்னொரு பக்கம்னு பிரிச்சிருந்தா, அந்த ரெண்டாவது துண்டை எந்தப் பக்கம் அனுப்புறது? லோட் பேலன்சருக்கு துண்டுகளை சேத்து வெச்சு பாக்குற வசதி இல்லன்னா கீழ போட்டுடும், இல்லன்னா வேற மெஷினுக்கு அனுப்பிடும், ரெண்டும் ஒண்ணுதான். அதனால யுடிபில பெரிய பாக்கெட் அனுப்புற புரோட்டோகாலை, போர்ட் வாரியா பிரிச்ச ஐபில வைக்க எனக்கு மனசே வராது. 5060-ல வர்ற எஸ்ஐபி (இன்டர்நெட் போன் காலுக்கான புரோட்டோகால்) இதுக்கு நல்ல உதாரணம், அந்த ஸ்டாண்டர்டே, ஆர்எஃப்சி 3261, பாதையோட எம்டியு (துண்டாகாம போகக்கூடிய பாக்கெட் அளவு) தெரியலன்னா 1300 பைட்டுக்கு மேல போற ரிக்வெஸ்டை டிசிபி மாதிரி நெரிசல் கட்டுப்பாடு இருக்கிற புரோட்டோகால்ல அனுப்புன்னு சொல்லுது. அப்படின்னா எஸ்ஐபிக்கும் டிஎன்எஸ் மாதிரியே யுடிபி 5060-ம் டிசிபி 5060-ம் ஒரே இடத்துக்குப் போய் சேரணும். குவிக் (யுடிபி மேல ஓடுறது, ஹெச்டிடிபி 3 இதுலதான் பேசும்) இந்த விஷயத்துல தெளிவு, 2021-ல வந்த ஆர்எஃப்சி 9000 துண்டாகவே கூடாதுன்னு சொல்லிடுச்சு.

ஐசிஎம்பியையும் மறந்துடுவோம். கிளையன்டுக்கு போற வழியில ஒரு ரூட்டர் "பாக்கெட் பெருசு, சின்னதாக்கு"ன்னு ஐசிஎம்பி அனுப்பும், அது வந்து சேர்றது பங்கு போட்ட அந்த ஐபிக்கு. ஐசிஎம்பிக்கு போர்ட் இல்ல, ஆனா உள்ள ஒரிஜினல் பாக்கெட்டோட தலைப்பகுதி ஒட்டிட்டு வரும். அதைப் பிரிச்சுப் படிச்சு எந்த கனெக்ஷனுக்கு சேர்ந்ததுன்னு கண்டுபிடிச்சு சரியான பேக்கெண்டுக்கு அனுப்புற லோட் பேலன்சர் இருக்கு, அப்படி செய்யாததும் இருக்கு. செய்யாததுல சின்ன பேஜ் எல்லாம் திறக்கும், பெரிய டவுன்லோட் மட்டும் தொங்கும். இந்த பிரச்சினைக்குன்னே 2016-ல ஆர்எஃப்சி 7690 வந்துச்சு. தற்காலிகமா டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்ல போற டேட்டா) அளவை குறைச்சு வெச்சா தப்பிச்சுக்கலாம், ஆனா அது டிசிபிக்கு மட்டும்தான் உதவும், பக்கத்துல இருக்கிற யுடிபிக்கு உதவாது.

வெப் பக்கம் வருவோம், ஏன்னா இன்னிக்கு பங்கு போடுற ஐபில பெரும்பாலானது 443 தான். ஹெச்டிடிபி 3 வந்ததுலேர்ந்து யுடிபி 443 காலியா இருக்கிற இடம் இல்ல. முன்னாடி எல்லாம் டிசிபி 443-ல வெப்சைட், யுடிபி 443 சும்மா கிடக்கு, அதுல விபிஎன் வெச்சுக்கலாம், எல்லா ஃபயர்வாலும் விடும்னு வெச்சிருப்பாங்க. இப்ப வெப் டீம் ஒருநாள் ஹெச்டிடிபி 3 ஆன் பண்ணுவாங்க, சர்வர் ஆல்ட்-எஸ்விசி ஹெட்டர்ல "443-ல ஹெச்3 இருக்கு"ன்னு சொல்ல ஆரம்பிக்கும், பிரவுசர் யுடிபி 443-க்கு வந்து குவிக் பேசும், அங்க விபிஎன் உக்காந்திருக்கு, அதுக்கு ஒண்ணும் புரியாது. பிரவுசர் கொஞ்சம் பாத்துட்டு டிசிபிக்கே திரும்பிடும், அதனால சைட் உடையாது, யாரும் கம்ப்ளைன்ட் பண்ண மாட்டாங்க, அப்பப்ப ஒரு தயக்கம் மட்டும் இருந்துட்டே இருக்கும். உடைஞ்சிருந்தா கூட பரவால்ல, அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்போம். அந்த ஹெட்டர்ல ஆயுள் குறிப்பிடலன்னா 24 மணி நேரம் பிரவுசர் ஞாபகம் வெச்சுக்கும், அதனால ஹெச்3-ஐ ஆஃப் பண்ணா மட்டும் போதாது, "கிளியர்"னு ஒரு ஆல்ட்-எஸ்விசி கொஞ்ச நாள் அனுப்பி பழைய ஞாபகத்தை அழிக்கணும்.

குவிக்ல இன்னொண்ணு. கனெக்ஷனை அடையாளம் காட்டுறது ஐபியும் போர்ட்டும் இல்ல, கனெக்ஷன் ஐடி. ஃபோன் வைஃபைலேர்ந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும், நாட் போர்ட்டை மாத்திட்டாலும் கனெக்ஷன் அப்படியே தொடரும், அதுதான் அதோட அழகு. ஆனா நடுவுல இருக்கிற எல்4 (ஐபி, போர்ட் அளவுல மட்டும் பாக்குற) லோட் பேலன்சர் அஞ்சு விஷயத்தை ஹாஷ் பண்ணி அனுப்புதுன்னா, போர்ட் மாறின உடனே வேற மெஷினுக்கு தள்ளிடும், அந்த மெஷினுக்கு இந்த கனெக்ஷன் ஐடி தெரியாது, கனெக்ஷன் அங்கயே முடிஞ்சுது. டிசிபி 443-க்கு சரியா இருக்கிற அதே ஹாஷ் யுடிபி 443-க்கு சரியா இருக்காதுங்கிறது இதனாலதான். கனெக்ஷன் ஐடியைப் பாக்கத் தெரிஞ்ச லோட் பேலன்சர் வேணும், இல்லன்னா குறைஞ்சபட்சம் கிளையன்ட் ஐபியை மட்டும் வெச்சு அஃபினிட்டி போடணும், நாட் போர்ட் மாறுறதுலேர்ந்தாவது தப்பிக்கலாம், நெட்வொர்க்கே மாறினா அதுவும் காப்பாத்தாது.

டிசிபி 443-ஐயே ரெண்டு பேர் பங்கு போட முடியுமா? எல்4 லெவல்ல முடியாது, சாவி ஒண்ணு. ஆனா டிஎல்எஸ் (ஹெச்டிடிபிஎஸ்ஸோட என்கிரிப்ஷன்) முதல் மெசேஜ்ல எஸ்என்ஐ இருக்கும், எந்த டொமைன் பேருக்கு வர்றேன்னு அதுல சொல்லும், ஏஎல்பிஎன்ல எந்த புரோட்டோகால் பேசப்போறேன்னு சொல்லும். அதைப் படிச்சுப் பிரிக்கிற ஒரு புராக்ஸி முன்னாடி இருந்தா பிரிக்கலாம். அப்ப கவனிக்க வேண்டியது ஹெச்டிடிபி 2-ல ஒரு பழக்கம்: ரெண்டு டொமைன் பேரும் ஒரே ஐபி, ரெண்டுக்கும் செல்லுற மாதிரி வைல்ட்கார்ட் சர்டிஃபிகேட் இருந்தா பிரவுசர் ஏற்கனவே திறந்த கனெக்ஷன்லயே இன்னொரு பேருக்கான ரிக்வெஸ்டையும் அனுப்பிடும். எஸ்என்ஐ முதல் பேருக்குத்தான் வந்துச்சு, புராக்ஸி அதைப் பாத்து முதல் குரூப்புக்கு அனுப்பிடுச்சு, இப்ப அங்க ரெண்டாவது சைட்டுக்கான ரிக்வெஸ்ட் வந்து நிக்குது. அந்த பேக்கெண்ட் 421 ("தப்பான இடத்துக்கு வந்துட்ட") சொல்லத் தெரிஞ்சிருக்கணும், சொன்னா பிரவுசர் புது கனெக்ஷன் திறந்து திரும்ப கேட்டுக்கலாம். 404 சொன்னா அதுதான் பதில்னு எடுத்துக்கும். ஐபியைப் பங்கு போட்டா சர்டிஃபிகேட்டைப் பங்கு போடாதீங்க, தனித்தனியா வாங்குங்க, இந்த தலைவலியே இருக்காது.

இவ்வளவு பாடு எதுக்கு, ஆளுக்கு ஒரு ஐபி குடுத்துடலாமேன்னு கேக்கலாம். குடுக்க முடிஞ்சா குடுங்க, நிஜமாவே சொல்றேன். ஐபிவி6-ல அட்ரஸுக்குப் பஞ்சமே இல்ல, அங்க பங்கு போட காரணமே கிடையாது, டிஎன்எஸ் மாதிரி ஒரே அட்ரஸ்ல இருந்தே ஆகணும்கிற ஜோடியைத் தவிர. ஐபிவி4 தான் 2011 பிப்ரவரிலயே ஐஏஎன்ஏ (உலக அளவுல ஐபி ஒதுக்குற அமைப்பு) கையிருப்பு தீந்துபோச்சு. அதுபோக எதிர்ப்பக்கம் ஃபயர்வால்ல உங்க ஐபி ஒண்ணை மட்டும் அனுமதிச்சு வெச்சிருப்பாங்க, இன்னொண்ணு சேக்க மாசக்கணக்காகும், அப்ப பங்கு போட்டுத்தான் ஆகணும்.

பங்கு போடுறதுக்கு முன்னாடி இப்ப நான் ஒரு பேப்பர் எடுத்து இந்த ஐபிக்கு வரக்கூடிய ஒவ்வொரு வகை பாக்கெட்டையும் எழுதுறேன், டிசிபி எந்தெந்த போர்ட், யுடிபி எது, போர்ட் இல்லாம வர்றது எது, துண்டா வர வாய்ப்பு இருக்கிறது எது. அப்புறம் ஒரே கிளையன்டோட ஒரே வேலையில எது எதெல்லாம் கூட்டா வரும்னு கோடு போட்டு இணைக்கிறேன், 53-ம் 53-ம், 500-ம் 4500-ம் ஈஎஸ்பியும், டிசிபி 443-ம் யுடிபி 443-ம். கோடு போட்டு இணைஞ்ச எதையும் ரெண்டு பேக்கெண்ட் குரூப்புக்கு நடுவுல பிரிக்க மாட்டேன். கோடே இல்லாதது, உதாரணமா டிசிபி 22-ம் டிசிபி 443-ம், தாராளமா பிரிச்சுக்கலாம், ஒண்ணும் ஆகாது.

அந்த டிஎன்எஸ் செட்டப்ல யுடிபி, டிசிபி ரெண்டு லோட் பேலன்சரும் இப்பவும் தனித்தனியாதான் இருக்கு, ஆனா பின்னாடி ஒரே பேக்கெண்ட் குரூப், பழைய மெஷின் ரெண்டையும் எடுத்தாச்சு. மானிட்டரிங்ல ஒரு செக் சேத்திருக்கேன், 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்த ஐபிகிட்ட எஸ்ஓஏ சீரியலை (ஸோனோட பதிப்பு நம்பர்) யுடிபில ஒரு தடவை, டிசிபில ஒரு தடவை கேட்டு ரெண்டும் ஒண்ணான்னு பாக்கும். ஸோன் மாத்தின கொஞ்ச நேரம் வித்தியாசம் வரும், அது சகஜம், 15 நிமிஷம் தாண்டியும் வித்தியாசம் இருந்தா எனக்கு அலர்ட் வரும்.